‘ரூம்’ என்றொரு பேரரசு

திருக்குர்ஆனின் முப்பதாவது அத்தியாயத்திற்கு ‘அர்ரூம்’ என்று பெயர். நம் இல்லங்களில் ஓதப்பட்டு வரும் அத்தியாயம்தான். ஆயினும், அந்த ‘ரூம்’ எது என்று பிள்ளைகள் கேட்டால், நம்மில் பலர் இத்தாலியிலுள்ள ரோம் நகரையே சொல்லிவிடுகிறோம். உண்மையில் அங்கே குறிக்கப்படுவோர், கான்ஸ்டாண்டிநோபிளைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட கிழக்கு ரோமர்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நிலைத்த அவர்களது பேரரசு முஸ்லிம்களின் நெடுநாளைய எதிரி; நெடுநாளைய அண்டை வீடும் அதுவே. எதிரி என்ற பக்கத்தை நாம் அறிவோம். அண்டை வீடு என்ற பக்கத்தை அறிந்தோர் குறைவு.

பெயர் மாறிய வரலாறு

கி.பி. 330ஆம் ஆண்டில் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன், பைசாந்தியம் என்ற பழைய கிரேக்க நகரைப் புதிய தலைநகராக்கினார். அவர் பெயராலேயே அது கான்ஸ்டாண்டிநோபிள் ஆயிற்று. அரபியர் அதனைக் குஸ்தன்தீனிய்யா என்றழைத்தனர். இன்றைய இஸ்தான்பூல் அதுவே. 476இல் மேற்கு ரோமில் பேரரசர் ஆட்சி முடிவுற்றது. கிழக்கிலோ அது 1453 வரை தொடர்ந்தது.

இந்தக் கிழக்கு மக்கள் பேசியது கிரேக்க மொழி. அவர்களது சமயம் கிறிஸ்தவம். ஆயினும் இறுதிவரை தங்களை ‘ரோமர்’ என்றே கூறிக்கொண்டனர். ரோமின் வாரிசுரிமை தமக்கே உரியது என்று கருதிய மேற்கு ஐரோப்பியரோ, அவர்களை வெறும் ‘கிரேக்கர்’ என்றனர். பேரரசு மறைந்து நூறாண்டுகளுக்குப் பின், 1557இல், ஹீரோனிமஸ் உல்ஃப் என்ற ஜெர்மானிய அறிஞர் அதன் வரலாற்று நூல்களைத் தொகுத்து, ‘பைசாந்திய’ என்ற அடைமொழியுடன் வெளியிட்டார். நாளடைவில் அப்பெயரே ஏடுகளில் நிலைத்துவிட்டது. அம்மக்கள் தமக்கிட்டுக்கொண்ட பெயரை மாற்றாமல் வழங்கியவர்கள் முஸ்லிம்களே. மௌலானா ஜலாலுத்தீன் ‘ரூமி’ எனப் பெற்றதும் இதனாலேதான். அவர் வாழ்ந்து 1273இல் மறைந்த கூனியா நகரம், முன்னர் ரோமர் ஆண்ட மண்ணில் உள்ளது.

மக்காவுக்கு எட்டிய செய்தி

613இல் டமாஸ்கஸும், 614இல் ஜெரூசலமும் பாரசீகர் கைக்குப் போயின. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் தோழர்களும் மக்காவில் துன்புற்றிருந்த காலம் அது. தம்மைப் போல் வேதமில்லாதவர் வென்றனர் என்று குறைஷியர் மகிழ்ந்தனர். வேதம் பெற்ற மக்கள் தோற்றனரே என்று முஸ்லிம்கள் வருந்தினர். சில ஆண்டுகளுக்குள் ரோமர் மீண்டும் வெல்வர் என்று அப்போது இறைமறை முன்னறிவித்தது. அவ்வாறே பேரரசர் ஹெராக்ளியஸ் 622 முதல் படை நடத்தி, 627 டிசம்பரில் நினிவே அருகே பாரசீகரை முறியடித்தார். நம் நூல்களில் ஹிர்கல் என்று வருபவர் இவரே. திஹ்யா அல்கல்பி (ரலி) வழியாக நபிகளார் (ஸல்) அனுப்பிய கடிதத்தைப் பெற்றவரும் இவரே.

அடுத்து வந்தது போர்க்காலம். 636இல் யர்மூக் போரில் ரோமர் தோற்றனர். சிரியா, பாலஸ்தீனம், எகிப்து ஆகிய நாடுகளை ஒன்றன்பின் ஒன்றாக இழந்தனர். கான்ஸ்டாண்டிநோபிளின் மதில்களோ அசையவில்லை. அதனை நோக்கிச் சென்ற படையில் இருந்த முதுபெரும் நபித்தோழர் அபூ அய்யூப் அல்அன்ஸாரி (ரலி) அந்நகருக்கு வெளியே உயிர்நீத்தார். 717–718இல் நடந்த பெரும் முற்றுகையும் வெற்றி பெறவில்லை. பின்னர் பல நூற்றாண்டுகள் எல்லைப் போர்கள் ஓயாது நடந்தன.

வாள்களுக்கு நடுவே நூல்கள்

ஆனால் அந்த எல்லையில் வாள்கள் மட்டும் நடமாடவில்லை. தொடக்கத்தில் டமாஸ்கஸ் அரசின் கணக்கேடுகள் கிரேக்க மொழியிலேயே இருந்தன; கடைவீதியில் ரோமரின் பொற்காசு செலாவணியாயிற்று. கலீஃபா அப்துல் மலிக் காலத்தில்தான் அரபி ஆட்சிமொழியாயிற்று. அரபி எழுத்து மட்டும் பொறித்த பொற்காசும் வெளிவந்தது. அக்காசின் பெயரான ‘தீனார்’, ரோமரின் ‘டெனாரியஸ்’ என்ற சொல்லிலிருந்து வந்ததே.

கலீஃபா மஃமூன் ரோமப் பேரரசருக்குத் தூது அனுப்பிப் பழைய கிரேக்க அறிவியல் நூல்களைக் கேட்டுப் பெற்றார். கிரேக்க வரலாற்றாசிரியர்கள் மற்றொரு செய்தியும் தருகின்றனர். போரில் சிறைப்பட்ட ரோம இளைஞன் ஒருவனின் வடிவகணிதப் புலமை பாக்தாத் அவையை வியக்க வைத்ததாம். அவனுடைய ஆசிரியர் லியோ என்பவர் கான்ஸ்டாண்டிநோபிளில் வறுமையில் வாடுவதை அறிந்த மஃமூன், அவரைத் தம்மிடம் அனுப்புமாறு பேரரசர் தியோஃபிலஸைக் கேட்டார். அதற்கு ஈடாகத் தங்கமும் சமாதானமும் தருவதாகக் கூறினார். அதன் பின்னரே தம் ஊர் அறிஞரின் அருமையை உணர்ந்த பேரரசர், அவரை அனுப்ப மறுத்து, ஊதியம் கொடுத்துப் பாடம் சொல்ல அமர்த்தினார்.

948ஆம் ஆண்டளவில் ஸ்பெயின் கலீஃபா மூன்றாம் அப்துர் ரஹ்மானுக்குக் கான்ஸ்டாண்டிநோபிளிலிருந்து அன்பளிப்பு ஒன்று வந்தது. டியோஸ்கோரிடீஸ் எழுதிய மூலிகை நூலின், வண்ணப் படங்கள் தீட்டிய கிரேக்கப் பிரதி அது. குர்துபாவில் அம்மொழியை வாசிப்பார் இல்லை. கலீஃபா வேண்டியதன்பேரில் நிக்கோலஸ் என்ற கிறிஸ்தவத் துறவியை ரோமர் அனுப்பிவைத்தனர். அவரும், யூத மருத்துவர் ஹஸ்தாய் இப்னு ஷப்ரூத்தும், முஸ்லிம் மருத்துவர்களும் ஒன்றாக அமர்ந்து, பாக்தாத் மொழிபெயர்ப்பில் விடுபட்டிருந்த மூலிகைகளின் பெயர்களை ஒவ்வொன்றாகத் தெளிவாக்கினர். நோயாளிக்குப் பயன்பட வேண்டும் என்ற ஒரே நோக்கம் மூன்று சமயத்தாரையும் ஒரே மன்றத்தில் அமர்த்தியது.

பள்ளிவாசலைக் காத்த கரங்கள்

கான்ஸ்டாண்டிநோபிளில் முஸ்லிம்கள் தொழுவதற்குப் பள்ளிவாசல் ஒன்று இருந்தது. 1189இல் சுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபி, ரோமப் பேரரசருடன் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, அந்நகருக்கு மிம்பரையும் கதீபையும் முஅத்தின்களையும் அனுப்பிவைத்தார்.

1203இல் நான்காம் சிலுவைப் படை அந்நகர் வாயிலுக்கு வந்தது. ஆகஸ்டு மாதத்தில் அப்படையைச் சேர்ந்த ஒரு கூட்டம் கடற்கழியைக் கடந்து பள்ளிவாசலைக் கொள்ளையிடப் புகுந்தது. அங்கிருந்த முஸ்லிம்கள் கையில் கிடைத்ததைக் கொண்டு எதிர்த்து நின்றனர். செய்தியறிந்த ரோமர்கள் ஓடி வந்து அவர்களுக்குத் துணை நின்றனர். ஆம், கிறிஸ்தவ அண்டை வீட்டார் தம் சமயத்துப் படையினரை எதிர்த்து ஒரு பள்ளிவாசலுக்காகப் போரிட்டனர்! பின்வாங்கிய கூட்டம் வைத்த தீ, நகரின் பெரும் பகுதியைச் சாம்பலாக்கியது.

அடுத்த ஆண்டு ஏப்ரலில் அதே படை நகரைக் கைப்பற்றிச் சூறையாடியது. வெண்கலச் சிலைகள் காசுக்காக உருக்கப்பட்டன. ஹாகியா ஸோஃபியா தேவாலயமும் தப்பவில்லை. இவற்றையெல்லாம் கண்ணால் கண்டு எழுதியவர் ரோம அதிகாரி நிக்கிட்டாஸ் கோனியாட்டிஸ். 1187இல் ஜெரூசலமை வென்ற முஸ்லிம்கள் அங்கிருந்த கிறிஸ்தவர்களிடம் காட்டிய இரக்கத்தை எடுத்துக்காட்டி, தம் சமயத்தாரின் கொடுமைக்காக அவர் வெட்கமுற்றார்.

1261இல் ரோமர் தலைநகரை மீட்டனர். ஆனால் பழைய வலிமை திரும்பவில்லை. 1453 மே 29ஆம் நாள் உஸ்மானிய சுல்தான் இரண்டாம் முஹம்மது அந்நகரை வென்றார். வென்றவர் பழையதைத் துடைத்தெறிந்துவிடவில்லை. ‘கைஸரே ரூம்’ என்று தம்மைப் பெருமையுடன் அழைத்துக்கொண்டார். 537இல் கட்டி முடிக்கப்பட்ட ஹாகியா ஸோஃபியாவின் மாபெரும் குவிமாடம், உஸ்மானியப் பள்ளிவாசல்களைக் கட்டிய சிற்பிகளுக்கு வழிகாட்டியாயிற்று. துருக்கியில் வாழும் கிரேக்கக் கிறிஸ்தவர்கள் இன்றளவும் ‘ரூம்’ என்றே வழங்கப்படுகின்றனர்.

போர்க்களங்களின் பெயர்களை நம் பிள்ளைகள் எளிதில் மனப்பாடம் செய்துவிடுகின்றனர். ‘அர்ரூம்’ அத்தியாயத்தை அடுத்த முறை ஓதும்போது, குர்துபாவில் ஒன்றாக அமர்ந்த மருத்துவர்களையும், பள்ளிவாசலைக் காக்க ஓடி வந்த அண்டை வீட்டாரையும் அவர்களுக்குச் சொல்லுங்கள். பகைமைக்கு நடுவிலும் நீதியை மறவாதோர் இரு பக்கத்திலும் வாழ்ந்தனர் என்பதை அவர்கள் அறிந்துகொள்ளட்டும்.