அட்டையில் யார் யாரைப் பார்க்கிறார்கள்?

கரவெட்டியில் பிறந்த சி. சிவஞானசுந்தரம் பம்பாய்க்குப் போனது கட்டடக்கலை படிக்க. திரும்பி வந்தது கேலிச்சித்திரக்காரராக. 'தினகரன்' பத்திரிகையில் சவாரித் தம்பர் என்ற கேலிச்சித்திரப் பாத்திரத்தை உலவ விட்டவர், 1963இல் கொழும்பில் 'சிரித்திரன்' சஞ்சிகையைத் தொடங்கினார். பிறகு அதை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவந்து, 1996இல் கண்ணை மூடும் காலம் வரை அதனோடுதான் மல்லுக்கட்டினார். ஊர் அவரைச் 'சிரித்திரன் சுந்தர்' என்றே அறியும். பழைய சிரித்திரன் இதழ்கள் பல இன்று நூலகம் இணையத்தளத்தில் கிடைக்கின்றன. அவற்றின் அட்டைகளைப் புரட்டுகிறவருக்கு ஒரு கேள்வி எழலாம். 'வோக்', 'ரோலிங் ஸ்டோன்' போன்ற பெரிய சஞ்சிகைகளின் அட்டைகளை அலசப் பயன்படும் அளவுகோல்கள் இதற்கும் பொருந்துமா? பொருந்தும். விடைதான் தலைகீழாக வரும்.

முதலில் பெயர். சஞ்சிகையின் பெயர் ஏன் எப்போதும் தலைமாட்டில் இருக்கிறது? கடையில் அதற்குக் கிடைக்கும் இடம் அவ்வளவுதான். நெல்லியடியோ நியூயார்க்கோ, கடைக்காரர் சஞ்சிகைகளை ஒன்றன்மேல் ஒன்று சாய்த்து அடுக்குவார், அல்லது கயிற்றில் நெருக்கித் தொங்கவிடுவார். வெளியே தெரிவது மேல் விளிம்பும் இடது ஓரமும்தான். அதனால்தான் பெயர் மேலே போகிறது, முக்கியமான தலைப்பு வரிகள் பெரும்பாலும் இடப்பக்கம் ஒதுங்குகின்றன. வோக் இதில் ஒரு படி தாண்டி விளையாடும். மாடலின் தலை பெயரின் நடு எழுத்துகளை மறைத்தாலும் அதற்குக் கவலையில்லை. தடித்த கோடும் மயிரிழைக் கோடும் கலந்த அந்த எழுத்தில் பாதியைக் கண்டாலே வாசகர் முழுப்பெயரையும் வாசித்துவிடுவார். பெயரை மறைத்துக் காட்டுவதும் ஒருவகைப் பணக்காரத்தனம். புதிதாகத் தொடங்கிய சஞ்சிகை அப்படிச் செய்தால் கடைக்காரருக்கே அடையாளம் தெரியாது.

அடுத்தது பார்வை. ஃபேஷன் சஞ்சிகையின் அட்டைப் பெண் அநேகமாக உங்கள் கண்ணை நேராகப் பார்ப்பாள். அது தற்செயல் இல்லை. நேருக்கு நேர் பார்க்கும் முகத்தைக் கடந்து போவது மனிதக் கண்ணுக்குக் கடினம். அந்த முகம் சொல்லாமல் சொல்லும் சேதி ஒன்றுதான்: நீயும் இப்படி ஆகலாம். தொடக்கத்தில் வோக் அட்டைகளில் ஓவியங்களே வந்தன. 1932 ஜூலையில்தான் எட்வர்ட் ஸ்டைக்கன் எடுத்த வண்ணப் புகைப்படம் முதன்முதலாக அங்கே ஏறியது. நீச்சலுடையில் ஒரு பெண், கையில் பந்து. அதன் பிறகு புகைப்படம் மெல்ல மெல்ல ஓவியத்தை அட்டையிலிருந்து இறக்கிவிட்டது.

1988 நவம்பர் வோக் அட்டையைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம். அன்னா வின்டூர் ஆசிரியரான பின் வந்த முதல் இதழ் அது. படம் பீட்டர் லிண்ட்பெர்க் எடுத்தது, மாடல் மிக்கேலா பெர்கூ. அதுவரை வழக்கம், அறைக்குள் ஒளியமைத்து, முடி கலையாமல் எடுத்த நெருக்கமான முகம். இங்கோ பெண் வெளியே நிற்கிறாள். முடி பறக்கிறது, கண் பாதி மூடியிருக்கிறது, வேறெங்கோ பார்த்துச் சிரிக்கிறாள். மேலே கிறிஸ்டியன் லக்ருவாவின் கல் பதித்த மேற்சட்டை, ஏறத்தாழ பத்தாயிரம் டாலர். கீழே ஐம்பது டாலர் ஜீன்ஸ். மேற்சட்டைக்குச் சோடியான பாவாடை அவளுக்கு அளவாக அமையவில்லை என்பதால்தான் ஜீன்ஸ் வந்தது. அச்சகத்திலிருந்து கூப்பிட்டு, பிழை ஏதும் நடந்துவிட்டதா என்று கேட்டார்களாம். பொருந்தாத ஒரு பாவாடை விலையுயர்ந்ததையும் மலிவானதையும் ஒரே உடம்பில் சேர்த்துவைத்தது. இன்று அது சாதாரண உடுப்பு.

இசைச் சஞ்சிகைக்கு வேறொரு தலைவலி. ஒலியை வரைய முடியாது. எனவே பாடகரின் உடம்பே பாட்டுக்குப் பதில் நிற்க வேண்டும். ரோலிங் ஸ்டோனின் முதல் இதழ் 1967 நவம்பர் 9ஆம் தேதியிட்டது. அட்டையில் ஜோன் லெனன், ஒரு திரைப்படத்துக்கான இராணுவ உடையில். கையில் கிட்டார் கூட இல்லை. 1981 ஜனவரி 22 இதழிலும் அவரே, யோகோ ஓனோவோடு. 1980 டிசம்பர் 8ஆம் தேதி அன்னி லீபோவிட்ஸ் எடுத்த படம் அது. எடுத்துச் சில மணி நேரத்தில் லெனன் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆசிரியர் குழு அந்த அட்டையில் தலைப்பு வரி ஒன்றுகூடப் போடவில்லை. அட்டையில் என்ன எழுதலாம் என்று மண்டையை உடைக்கும் தொழிலில், எழுதாமல் விடுவதற்குத்தான் அதிகத் துணிச்சல் வேண்டும்.

தமிழில் அட்டைக்கு வேறு ஒரு பழக்கமும் உண்டு. ஆனந்த விகடனில் கோபுலு போன்ற ஓவியர்கள் அட்டையிலேயே நகைச்சுவைச் சித்திரம் வரைந்தார்கள். யாழ்ப்பாணத்தில் டொமினிக் ஜீவா 1966இல் தொடங்கிய 'மல்லிகை' எழுத்தாளர்கள், கலைஞர்களின் முகங்களை அட்டையில் ஏற்றியது, உள்ளே அவர்களைப் பற்றிய கட்டுரையும் போட்டது. அந்தக் கட்டுரைகள் பின்னர் தனி நூல்களாகவே வந்தன. சினிமா நட்சத்திரத்துக்கென்று ஒதுக்கப்பட்டிருந்த இடத்தில் ஒரு சிறுகதை எழுத்தாளரை உட்கார வைத்ததே பெரிய வடிவமைப்பு முடிவு.

சுந்தர் பிடித்தது கோபுலு போன வழி. காசுக் கணக்கும் அதற்குச் சாதகம். பழைய அச்சு முறையில் ஒவ்வொரு படத்துக்கும் உலோகத்தில் புளொக் செய்ய வேண்டும், ஒவ்வொரு நிறத்துக்கும் தனிப் புளொக். புகைப்படம் என்றால் அதைச் சிறு சிறு புள்ளிகளாக உடைத்து எடுக்க வேண்டும். மலிவுத் தாளில் மை பரவி அந்தப் புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டும், முகம் கரிபூசியது போல் ஆகிவிடும். கோட்டுச் சித்திரத்துக்கு அந்தப் பயம் கிடையாது. மூக்கை நாலு இழுப்பில் சொல்லத் தெரிந்தவருக்கு வழுவழுப்புத் தாள் எதற்கு?

ஆனால் அவரது ஆட்கள் வாசகரை மயக்கும் பார்வை பார்க்க மாட்டார்கள். சவாரித் தம்பரும் சின்னக்குட்டியும் தங்களுக்குள் பேசிக்கொண்டிருப்பார்கள், வாசகர் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று ஒட்டுக்கேட்பவர். நாகரிக மோகத்துக்கென்றே சிரித்திரனில் மிஸிஸ் டாமோடிரன் இருந்தார், மைனர் மச்சான் இருந்தார். வோக் அட்டை ஆசைப்படச் சொல்லும் அதே உடுப்பையும் ஒப்பனையையும் சுந்தர் சிரிப்புக்கு எடுத்துக்கொண்டார். 'நீயும் இப்படி ஆகலாம்' என்று அங்கே சொன்னால், 'நீ ஏற்கெனவே இப்படித்தான் இருக்கிறாய்' என்று இங்கே சொல்லும். வாங்குகிறவரைக் கிண்டல் செய்துகொண்டே அவரிடம் காசு வாங்குவது எந்த விற்பனைப் பாடத்திலும் இல்லாத துணிவு.

1990களில், போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது யாழ்ப்பாணத்தில் அச்சுத் தாளுக்கே தட்டுப்பாடு. பத்திரிகைகள் கோடு போட்ட கொப்பித் தாளில்கூட அச்சாகின. அப்படியான நிலைமையில் வண்ண அட்டையைப் பற்றி யாரும் பேசமுடியாது. பிறகு கணினியும் ஓவ்செட் அச்சும் வந்தன. கரவெட்டிக்குப் பக்கத்திலுள்ள அல்வாயிலிருந்து 2007 முதல் 'ஜீவநதி' சஞ்சிகை வருகிறது. வண்ண அட்டைக்கு இப்போது புளொக் செலவில்லை.

இன்று அட்டைகள் பெரும்பாலும் கைப்பேசியில், நகத்தளவில்தான் முதலில் கண்ணில் படுகின்றன. வோக்கின் மயிரிழைக் கோடுகள் அந்த அளவில் கரைந்துபோகின்றன, பத்துத் தலைப்பு வரிகள் தூசியாகத் தெரிகின்றன. தடித்த எழுத்தில் ஒரு பெயர், இரண்டு நிறம், கறுப்புக் கோட்டில் இரண்டு ஆட்கள் என்று காசில்லாத காலத்தில் போட்ட அட்டைதான் அங்கே தெளிவாகத் தெரிகிறது.