தாயின் நாளும் தாயின் ஓய்வும்

ஒரு நாளைக்கு 24 மணி நேரம் என்பது யாவருக்கும் பொதுவான கணக்கு. செல்வருக்கு ஒரு நிமிடம் கூடுவதுமில்லை. வறியவருக்கு ஒரு நிமிடம் குறைவதுமில்லை. ஆயினும் மாலையில் வீடு திரும்பியவுடன் செய்தித்தாளை விரித்து அமர்பவர் யார், அடுப்பைப் பற்ற வைப்பவர் யார் என்று நோக்கினால், ஒன்றாக வழங்கப்பட்ட நாள் ஒன்றாகச் செலவாகவில்லை என்பது விளங்கும். பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு அலுவலுக்கும் சென்றுவரும் ஒரு தாயின் நாளில் ஓய்வுக்கு இடம் எங்கே என்பதே இங்கு நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருளாகும்.

ஐதராபாத் நகரில், சிறப்பாகச் செகந்திராபாத்தின் பத்மாராவ் நகர், மாரேட்பள்ளி, மல்காஜ்கிரி முதலிய பகுதிகளில், தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. இவ்வில்லங்களின் விடியற்காலை ஏறத்தாழ ஒரே வகையானது. ஒருநாள் விட்டு ஒருநாள் குழாயில் வரும் தண்ணீரைப் பிடித்து வைத்தல், காப்பிக்கு டிகாக்ஷன் இறக்குதல், காலைச் சிற்றுண்டி, நண்பகலுக்கு நான்கு அடுக்குகளில் உணவு, பிள்ளைகளின் சீருடை, அதன்பின் பேருந்தையோ புறநகர் இரயிலையோ பிடிக்க ஓட்டம். சொந்த ஊரிலாயின் அத்தையோ சித்தியோ ஒரு கை கொடுப்பார்கள். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் பாட்டி மடியில் போட்டுக்கொள்வாள். வெளி மாநிலத்தில் குடியேறிய நமக்கு அந்த உறவுகள் தொலைபேசியில் மட்டுமே வாய்க்கின்றன.

வேலைச் சுமையோ இங்கே கூடுகின்றது. தெலங்கானாவில் 2018ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பள்ளிகளில் தெலுங்கு கட்டாயப் பாடமாயிற்று. அது நல்லதே, வாழும் நிலத்தின் மொழியை அறியாமல் வாழ்வது அழகன்று. ஆயினும் மாலை நேரத்தில் தெலுங்குப் பாடத்திற்கும் இந்திப் பாடத்திற்கும் துணையிருந்து, ஞாயிறுதோறும் தாய்மொழியையும் எழுதப் பழக்க வேண்டிய பொறுப்பு பெரும்பாலும் தாயின் மீதே விழுகின்றது.

ஐதராபாத்தின் தார்னாகாப் பகுதியில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இருக்கின்றது. இதற்கும் நமக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இந்நிறுவனமும் தமிழ்நாட்டிலிருந்து இங்கே குடியேறியதுதான். 1918இல் நீலகிரியின் குன்னூரில், இராபர்ட் மக்காரிசன் என்பாரின் தலைமையில், பெரிபெரி நோயை ஆராயும் சிறு கூடமாகத் தோன்றியது. 1958இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டது. 1969இல் இப்போதைய பெயரைப் பெற்றது. இந்தியர் ஒவ்வொருவருக்கும் எவ்வளவு உணவு வேண்டும் என்று வகுத்துரைக்கும் நிறுவனம் இதுவே.

அவ்வாறு வகுப்பதற்கு ஓர் அளவுகோல் வேண்டுமல்லவா? அதற்காக அறிஞர்கள் மனத்தால் ஒரு பெண்ணைப் படைத்திருக்கின்றார்கள். அவளை அளவைப் பெண் என்று அழைப்போம். அவளுடைய எடை 55 கிலோ. நோயற்றவள். நாள்தோறும் 8 மணி நேரம் தொழில் செய்கின்றாள். 8 மணி நேரம் படுக்கையில் இருக்கின்றாள். 4 முதல் 6 மணி நேரம் அமர்ந்தும் சிறிது நடமாடியும் கழிக்கின்றாள். எஞ்சிய 2 மணி நேரத்தை நடைக்கும் விளையாட்டுக்கும் அல்லது வீட்டு வேலைக்கும் செலவிடுகின்றாள். உணவின் தேவையைக் கணக்கிட இத்தகைய ஓர் அளவு இன்றியமையாதது. அதில் பிழை காண்பதற்கில்லை. ஆனால் இந்தப் பெண்மணியை நம் தெருவில் எங்கேனும் கண்டதுண்டா என்று எண்ணிப் பார்க்கலாம்.

நம் தெருவில் வாழும் பெண்ணின் கணக்கை வேறோர் அரசுத் துறை எடுத்திருக்கின்றது. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இலும், மீண்டும் 2024இலும், நாடு முழுவதும் மக்கள் தம் நேரத்தை எவ்வாறு செலவிடுகின்றனர் என்று ஆய்ந்தது. வீட்டாருக்காக ஊதியமின்றிச் செய்யும் இல்லப் பணிகளில், அப்பணியில் ஈடுபட்ட பெண்கள் 2019இல் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிடம். 2024இல் பெண்கள் 289 நிமிடம். ஆண்கள் 88 நிமிடம். குழந்தைகளையும் முதியோரையும் பேணும் நேரம் இதில் சேராது. 15 முதல் 59 வயதுக்கு உட்பட்டோரில் அப்பணியில் ஈடுபட்ட பெண்களுக்கு அது 140 நிமிடம். ஆண்களுக்கு 74 நிமிடம்.

அளவைப் பெண்ணுக்கு விதித்த 2 மணி நேரம் எங்கே, 289 நிமிடம் எங்கே? இவை அலுவலுக்குச் செல்வோர், செல்லாதோர் எல்லாரையும் சேர்த்துக் கண்ட சராசரி என்பதை மறக்கலாகாது. அலுவலுக்குச் செல்பவள் அந்த மிகுதி நேரத்தைத் தொழிலிலிருந்து எடுக்க இயலாது. ஆகவே உறக்கத்திலிருந்தும் ஓய்விலிருந்தும் எடுக்கின்றாள்.

ஐந்தாண்டுகளில் பெண்களின் வேலை 10 நிமிடம் குறைந்தது என்று மகிழ்வதற்கும் இடமில்லை. ஆண்களின் பங்கும் 9 நிமிடம் குறைந்திருக்கின்றது. 2019இல் இருவருக்கும் இடையே இருந்த வேறுபாடு 202 நிமிடம். 2024இல் 201 நிமிடம். மாவரைக்கும் இயந்திரமும் துணி துவைக்கும் இயந்திரமும் வேலையைச் சற்றுக் குறைக்கலாம். அதைப் பங்கிட்டுக் கொடுக்க எந்த இயந்திரத்தாலும் இயலாது.

எங்கள் இல்லத்தில் நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். சென்ற ஆண்டுக் கோடையில் ஓர் இரவு, பால் காய்ச்ச அடுப்பருகே நின்றவாறே கண்ணயர்ந்தோம். பால் பொங்கி வழிந்து சுடரை அணைத்துவிட்டது. எரிவாயு கசிந்துகொண்டே இருந்தது. தண்ணீர் குடிக்க எழுந்து வந்த மகன், எட்டாம் வகுப்பு மாணவன், நெடியை உணர்ந்து அடுப்பை மூடிச் சன்னல்களைத் திறந்தான். “அம்மா, நீ போய்ப் படு” என்றான். “காலைக்கு ஊற வைக்க வேண்டுமே” என்பதே நம் வாயிலிருந்து வந்த விடை. மறுநாள் மருத்துவரிடம் சென்றோம். இரத்தத்தில் இருக்க வேண்டிய ஹீமோகுளோபின், 12 கிராமுக்குக் குறையாமல் இருக்க வேண்டியது, 9.4 கிராமாக இருந்தது.

இது தனியொருவரின் குறையன்று. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நாட்டில் 15 முதல் 49 வயதுடைய பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தச் சோகை இருந்தது. பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்புச் சத்து வேண்டும் என்றும், ஆணுக்கு 19 மில்லிகிராம் போதும் என்றும் ஊட்டச்சத்து நிறுவனம் கூறுகின்றது. மிகுதியாக வேண்டுபவளோ எல்லாரும் உண்டபின் எஞ்சியதை உண்கின்றாள். களைப்பைப் போக்கக் காப்பியை நாடுகின்றாள். அந்நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டு வழிகாட்டி நூல், உணவுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் காப்பியும் தேநீரும் அருந்தலாகாது என்கின்றது. அவற்றிலுள்ள துவர்ப்புப் பொருள் உணவிலுள்ள இரும்பை உடல் ஏற்காதவாறு தடுக்கின்றது. 150 மில்லிலிட்டர் வடிகட்டிய காப்பியில் 80 முதல் 120 மில்லிகிராம் வரை காஃபின் உண்டு. நாளொன்றுக்கு 300 மில்லிகிராமைத் தாண்டலாகாது. அதாவது மூன்று குவளையே எல்லை. உறக்கத்தைக் கொடுத்துக் காப்பியை வாங்குவது இலாபமான வாணிகமன்று.

மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பதால் சொற்களின் மீது நமக்குக் கண் செல்வது இயல்பு. ‘ஓய்’ என்னும் ஒரே வேரிலிருந்து ‘ஓய்வு’ என்ற சொல்லும் பிறக்கின்றது. ‘ஓய்ந்துபோனாள்’ என்ற வழக்கும் பிறக்கின்றது. முன்னது நாமே வேலையை நிறுத்துவது. பின்னது உடல் தானே நின்றுவிடுவது. முன்னதை மறுக்கும் வீடு பின்னதை ஒருநாள் எதிர்கொண்டே தீர வேண்டும். அன்றிரவு அடுப்பருகே நேர்ந்தது அதுவே.

மருந்து மட்டும் போதாது என்று கண்டு, நேர ஆய்வாளர்கள் கையாண்ட முறையையே வீட்டில் கையாண்டோம். அவர்கள் காலை 4 மணி முதல் மறுநாள் காலை 4 மணி வரையுள்ள நாளை அரைமணிக் கட்டங்களாகப் பகுத்துக் கேட்கின்றார்கள். ஒரு தாளில் 48 கட்டங்கள் வரைந்து, ஒரு வேலைநாளைக் கணவரும் நாமும் தனித்தனியே நிரப்பினோம். நம் தாளில் உறக்கம் 11 கட்டம், அலுவலும் பயணமும் 20, வீட்டு வேலை 14, குளியலும் உணவும் 3. ஓய்வு என்று எழுத ஒரு கட்டமும் இல்லை. கணவரின் தாளில் உறக்கம் 15, அலுவலும் பயணமும் 21, வீட்டு வேலை 3, குளியலும் உணவும் 4, செய்தித்தாளும் தொலைக்காட்சியும் 5. இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துக்கொண்டு அவர் நெடுநேரம் பேசவில்லை. அவர் அன்பில்லாதவர் அல்லர். கண்ணெதிரே நடந்ததை அதுவரை எண்ணிப் பார்த்திராதவர், அவ்வளவே.

அதன்பின் நாங்கள் கற்ற முதற்பாடம், உதவி வேறு, பொறுப்பு வேறு என்பது. “என்ன செய்ய வேண்டும், சொல்” என்று கேட்பது உதவி. அப்போதும் நினைப்பவள் தாயே. ஏவுபவளும், மறந்தால் வருந்துபவளும் அவளே. ஆகவே வேலையை முழுதாகவே கைமாற்றினோம். தண்ணீர் பிடிப்பதும் காய் வாங்கி இரவே நறுக்கி வைப்பதும் தெலுங்குப் பாடமும் கணவரின் பொறுப்பு. சீருடைக்குப் பெட்டி போடுவது மகனுடையது. துணி மடிப்பதும் தண்ணீர்ப் புட்டிகளை நிரப்புவதும் ஐந்தாம் வகுப்பு மகளுடையது. மாவு வாரத்திற்கு இருமுறை மட்டும். வாரநாட்களில் இரண்டு கறி என்ற வழக்கம் ஒரு கறியாயிற்று, யாரும் மெலியவில்லை.

மூன்று திங்கள் சென்றபின் மீண்டும் கட்டங்களை நிரப்பினோம். நமக்கு உறக்கம் 14, வீட்டு வேலை 9, ஓய்வு 2. கணவருக்கு வீட்டு வேலை 7. செய்தித்தாளுக்கு ஒரே கட்டம். நாம் இறக்கி வைத்த ஐந்தில் நான்கை அவர் ஏற்றார். எஞ்சிய ஒன்று பிள்ளைகளின் கைக்கும், செய்யாமல் விட்ட வேலைகளுக்கும் போயிற்று. மருத்துவர் தந்த மாத்திரையும் இந்த உறக்கமும் சேர்ந்து இரத்தத்தின் அளவை 11.2 கிராமுக்கு உயர்த்தின. ஓய்வுக்குரிய கட்டத்தைக் காலியாக விட்டால் வேறு வேலை வந்து அமர்ந்துகொள்ளும்; ஆகையால் இரவு 9 முதல் 10 வரை என்று நேரம் குறித்தே வைத்திருக்கின்றோம்.

சட்டமும் நீதிமன்றங்களும் இத்துறையில் சிறிது முன்னேறியுள்ளன. 2008 செப்டம்பர் முதல் மத்திய அரசின் பெண் ஊழியர்க்கு, 18 வயது நிரம்பாத பிள்ளைகளைப் பேணுவதற்காகப் பணிக்காலம் முழுவதிலும் 730 நாள் விடுப்பு வழங்கப்பட்டது. 2018இல் அது தனித்துப் பிள்ளை வளர்க்கும் ஆடவருக்கும் விரிந்தது. மனைவியுள்ள தந்தைக்கு அது இல்லை. பிள்ளையைப் பேணுவது மனைவியின் வேலை என்ற எண்ணம் விதியிலும் படிந்திருப்பதையே இது காட்டுகின்றது. பேறுகால விடுப்பு 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 12 வாரத்திலிருந்து 26 வாரமாயிற்று. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வீட்டு வேலை மட்டும் செய்வோரை உழைப்பாளர் அல்லாதோர் என்றே வகைப்படுத்தியது. ஆனால் 2021 சனவரியில் உச்ச நீதிமன்றம், ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில், நேர ஆய்வின் அந்த 299 நிமிடத்தையே எடுத்துக்காட்டி, இல்லத்தரசியின் உழைப்புக்குப் பொருள்மதிப்பு உண்டு என்று வலியுறுத்திற்று. 2023இல் சென்னை உயர் நீதிமன்றம், கணவன் ஈட்டிய சொத்தில் இல்லத்தைக் காத்த மனைவியின் உழைப்பும் அடங்கியிருக்கின்றது என்று கூறிப் பங்கு வழங்கிற்று.

ஆயினும் இரவு 9 மணிக்கு நம் சமையலறைக்குள் எந்த நீதிமன்றமும் வந்து நிற்பதில்லை. அங்கே தீர்ப்பு வழங்க வேண்டியவர்கள் வீட்டாரே.

முதலில் எங்கள் மாமியாருக்கு இது பிடிக்கவில்லை. “என் பிள்ளை காய் நறுக்குகின்றானா?” என்று தொலைபேசியில் வருந்தினார். பொங்கலுக்கு இங்கே வந்திருந்தபோது, இரவில் மகன் நறுக்குவதையும் மருமகள் அமர்ந்து புத்தகம் படிப்பதையும் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர் மெல்ல, “எனக்கு இப்படி ஒருவரும் நறுக்கிக் கொடுத்ததில்லையே, அத்தை இப்போது உனக்குப் பூண்டு உரித்துத் தருகிறேன், நீ எழாதே” என்றார்.

வெளி மாநிலங்களில் வாழும் அன்பர்கள் வருகின்ற ஞாயிறன்று ஒரு தாளில் 48 கட்டங்கள் வரைந்து பார்க்குமாறு வேண்டுகின்றோம். வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் தம் தாளைத் தாமே நிரப்பட்டும். பின்பு எல்லாவற்றையும் அருகருகே வைத்து, ஓய்வு என்ற சொல் யாருடைய தாளில் இல்லை என்று பாருங்கள். மற்றவர்கள் தத்தம் தாளிலிருந்து ஒரு கட்டத்தை அவருக்கு வழங்கினாலே போதும். நாளின் நீளம் கூடாமலே ஒரு தாயின் ஆயுள் கூடும்.