கும்மிடிப்பூண்டியில் 'காணாமல் போன' நட்சத்திரங்கள் கோட்டூர்புரத்தில் இருக்கின்றன!

கும்மிடிப்பூண்டி சிப்காட் வட்டாரத்தில் நட்சத்திரங்களைக் காணோம். ஒன்று இரண்டு அல்ல, ஆயிரக்கணக்கில் காணோம். போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்க முடியாத திருட்டு இது.

திருடன் யார் என்பது ஊருக்கே தெரியும். ஆலை வாசலில் விடிய விடிய எரியும் விளக்கு, லாரிகள் கிளப்பும் புழுதி, கல்கத்தா நெடுஞ்சாலை வெளிச்சம், இந்த மூன்று பேரும் கூட்டு.

மேகம் இல்லாத, நல்ல இருட்டான ராத்திரியில் வெறும் கண்ணுக்கு ஒரே சமயத்தில் இரண்டாயிரம் நட்சத்திரங்களுக்கு மேல் தெரியும். விளக்கு வெளிச்சம் அதிகமான இடத்தில் மொட்டை மாடியில் நின்று எண்ணினால் நூறு தேறுவதே பெரிய காரியம். வெள்ளை வெளேர் என்று ஆகாயத்தின் குறுக்கே ஓடும் பால்வீதி, பாட்டி சொன்ன கதையோடு சரி.

வேடிக்கை என்னவென்றால், இது ராக்கெட் பார்க்கும் வட்டாரம். பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கம்தான் ஸ்ரீஹரிகோட்டா. 2023 ஜூலை 14-ந் தேதி பிற்பகல் 2.35 மணிக்கு சந்திரயான்-3 கிளம்பியபோது, சென்னைவாசிகள் டி.வி.யில் பார்த்ததை இங்கே மாடி ஏறினால் நேரிலேயே பார்க்கலாம். நெருப்பு வால் மேலே போகும். கொஞ்ச நேரம் கழித்துச் சத்தம் வந்து சேரும்.

"அது எங்க போவுது நைனா?" என்று பிள்ளை கேட்கும்.

"மேல போவுதுடா."

"மேலன்னா எங்க?"

நைட் ஷிப்ட் முடிந்து கண் எரிய வந்து நிற்கும் தகப்பனுக்கு அதற்கு மேல் பதில் கிடையாது. அவரும் மேலே என்ன இருக்கிறது என்று பார்த்தவர் இல்லையே.

லீவு ஒன்று, ரயில் இரண்டு

பதில் இருக்கும் இடம் சென்னை கோட்டூர்புரம். காந்தி மண்டபம் சாலையில், பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையத்துக்குள் இருக்கும் பி.எம். பிர்லா கோளரங்கம். 1988-ம் ஆண்டு திறக்கப்பட்டது. ஆட்டோக்காரரிடம் 'பிர்லா பிளானட்டோரியம்' என்றால் போதும்.

கும்மிடிப்பூண்டியிலிருந்து மின்சார ரயிலில் ஏறினால் கவரைப்பேட்டை, பொன்னேரி, மீஞ்சூர், எண்ணூர் என்று நின்று நின்று சென்டிரல் வந்து சேர ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ள வேண்டும். திருவள்ளூர்க்காரர்களுக்கு ஆவடி, அம்பத்தூர் வழி. இரண்டு வழியும் மூர் மார்க்கெட் கட்டிடத்தில்தான் முடியும்.

அங்கே இறங்கிச் சுரங்கப்பாதை வழியாக ரோட்டைக் கடந்தால் பார்க் டவுன் நிலையம். அங்கே பறக்கும் ரயிலில் ஏறிக் கோட்டூர்புரத்தில் இறங்கலாம். மிச்ச தூரத்துக்கு ஆட்டோ. காலில் தெம்பு உள்ளவர்கள் நடந்தே போய்விடலாம்.

போக வர அரை நாள் ரயிலிலேயே போய்விடும். வாரத்தில் ஒரே ஒரு நாள் 'ஆஃப்' கிடைக்கும் தொழிலாளி, தூங்க வேண்டிய நாளை இதற்குக் கொடுக்கிறார். அதனால் தப்பு நடக்கக் கூடாது.

வழக்கமாக நடக்கும் தப்பு ஒன்று உண்டு. இங்கே தமிழில் ஒரு காட்சி, ஆங்கிலத்தில் ஒரு காட்சி என்று மாறி மாறி நடக்கும். அவசரத்தில் டிக்கெட் வாங்கி ஆங்கிலக் காட்சிக்குள் போய் உட்கார்ந்தால், பாதிப் படத்தில் சின்னது தூங்கிவிடும், பெரியது முழிக்கும். தமிழ்க் காட்சி எத்தனை மணிக்கு, டிக்கெட் எவ்வளவு, அன்றைக்குத் திறந்திருக்கிறதா என்பதை முதல் நாளே போன் போட்டுக் கேட்டுவிடுவது நல்லது. நேரமும் கட்டணமும் அவ்வப்போது மாறக்கூடியவை.

இன்னொன்று. காட்சி ஆரம்பித்த பிறகு உள்ளே விடமாட்டார்கள். கறார் என்று கோபப்பட வேண்டியதில்லை. இருட்டுக்குக் கண் முழுசாகப் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகும். நடுவில் ஒருவர் கதவைத் திறந்தால் உள்ளே இருக்கும் அத்தனை பேர் கண்ணும் கெட்டுவிடும்.

மல்லாந்து பார்க்கும் கொட்டகை

உள்ளே நுழைந்தால் சினிமாக் கொட்டகை மாதிரி திரை எதிரே இருக்காது. தலைக்கு மேலே இருக்கும். கவிழ்த்து வைத்த பெரிய அண்டா மாதிரி, 15 மீட்டர் அகலத்தில் ஒரு குவிமாடம். இருநூறு பேருக்கு மேல் உட்காரலாம். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு மல்லாந்து பார்க்க வேண்டும்.

அந்த அண்டா அலுமினியத் தகடு. கிட்டே போய்ப் பார்த்தால் சல்லடை மாதிரி பொடிப் பொடி ஓட்டை. தகட்டுக்குப் பின்னால் இருக்கும் ஸ்பீக்கர் சத்தம் தடையில்லாமல் வருவதற்காக அந்த ஓட்டைகள். தகடு அடிக்கும் வேலை தெரிந்த சிப்காட் தொழிலாளிக்கு நட்சத்திரத்தை விட இதுதான் முதலில் கண்ணில் படும்.

விளக்குகள் ஒவ்வொன்றாக மங்கும். பொழுது சாய்கிறது. ஒரு நட்சத்திரம், பத்து, நூறு... பிறகு மொத்தமாக!

இந்த இடத்தில்தான் சின்னக் குழந்தைகள் வீறிட்டு அழும். இருட்டைக் கண்டு பயம். "ராத்திரி ஆவப்போவுது, அப்புறம் விடிஞ்சிடும்" என்று முன்கூட்டியே சொல்லிக் கூட்டிப்போனால் பிரச்சினை இல்லை. பாட்டியையும் கூட்டிப்போவது நல்லது. கார்த்திகையின் ஆறு மீனையும், சப்தரிஷி மண்டலத்தையும், அருந்ததியையும் பக்கத்தில் இருந்து பேரனுக்குக் காட்டிக் கொடுக்க அவர்தான் சரி.

துருவ நட்சத்திரத்தைத் தேடுபவர்கள் உச்சியைப் பார்த்து ஏமாற வேண்டாம். நம் ஊரில் அது வடக்கே தாழ்வாகத்தான் இருக்கும். கையை நேராக நீட்டி முஷ்டி பிடித்தால், அடிவானத்திலிருந்து ஒன்றேகால் முஷ்டி உயரம். வட துருவத்துக்குப் போனால் அது தலைக்கு மேல் நிற்கும். அந்த ஊர் வானத்தையும் உட்கார்ந்த இடத்திலேயே காட்டுவதுதான் கோளரங்கத்தின் வித்தை.

இந்த வித்தை ஜெர்மனியில் பிறந்தது. ஜெய்ஸ் கம்பெனியில் பாவர்ஸ்பெல்ட் என்ற என்ஜினீயர் 1923-ல் செய்து காட்டினார். உருண்டைக்குள் விளக்கு, உருண்டை முழுக்க நட்சத்திரம் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை, ஓட்டைக்கு முன்னால் லென்ஸ். உருண்டையைச் சுழற்றினால் வானம் சுழலும். இப்போது உலகமெங்கும் கம்ப்யூட்டர் புரொஜெக்டர்கள் வந்துவிட்டன.

வெளியே வந்தால் எடை பார்க்கும் விளையாட்டு. எந்தக் கிரகத்தில் உங்கள் எடை எவ்வளவு என்று காட்டுகிறார்கள். இங்கே 60 கிலோ இருப்பவர் சந்திரனில் பத்து கிலோதான். செவ்வாயில் 23. வியாழனில் 140-ஐத் தாண்டிவிடுவார்! எடைக்கல் விஷயத்தில் உஷாரான மளிகைக்கடைக்காரர்களே இங்கே கொஞ்சம் திகைத்து நிற்பார்கள்.

அதே வளாகத்தில் அறிவியல் காட்சிக்கூடங்கள் இருக்கின்றன. உலக நாட்டுப் பொம்மைகளுக்குத் தனிக்கூடம் உண்டு. பக்கத்திலேயே அண்ணா நூற்றாண்டு நூலகம். ஆனால் சின்னக் கால்களுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவும் தாங்காது.

அன்று நுங்கம்பாக்கம்

ஒரு காலத்தில் சென்னையில் கூடாரம் போட்டு நட்சத்திரம் காட்ட வேண்டிய அவசியம் இருந்ததில்லை. நுங்கம்பாக்கத்தில் 1792-ல் கட்டிய வான ஆய்வுக்கூடம் இருந்தது. 1861-ல் அங்கிருந்து போக்சன் என்ற வெள்ளைக்காரர் ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்து 'ஏசியா' என்று பெயர் வைத்தார். அவரிடம் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, ஒளி கூடிக் குறையும் நட்சத்திரம் ஒன்றை 1867-ல் கண்டுபிடித்தார். அப்போது ஊரில் மின்சார விளக்கு கிடையாது.

அதே நுங்கம்பாக்கத்தில் இன்று ராத்திரி தலையைத் தூக்கினால் விளம்பரப் பலகைதான் தெரியும்.

பழைய கதை கிடக்கட்டும். மாவட்டத்துப் பிள்ளைகளின் பாடு என்ன? திருச்சியில் அண்ணா அறிவியல் மையத்தில் 1999 முதல் கோளரங்கம் இருக்கிறது. ராக்கெட் புகை தெரியும் திருவள்ளூர் மாவட்டத்துப் பிள்ளை மட்டும் இரண்டு ரயில் மாற வேண்டியிருக்கிறது. பெரிய கட்டிடம் கட்டக் காசில்லை என்றால், காற்றடித்து நிறுத்தும் கூடாரக் கோளரங்கு இருக்கிறது. வேனில் ஏற்றிப் பள்ளி மைதானத்தில் நிறுத்தலாம். ஒரு வகுப்புப் பிள்ளைகள் உள்ளே உட்காரலாம். கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, ஊத்துக்கோட்டை அரசுப் பள்ளிகளுக்கு வருஷத்தில் ஒரு முறை அது வந்து போனால் யார் குடி முழுகிவிடும்?

சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல், விழுப்புரத்து ரயில்வே ஊழியரின் மகன். பாலிடெக்னிக்கில் டிப்ளமோ படித்து மேலே போனவர். சிப்காட் கேட்டில் தினமும் நுழையும் டிப்ளமோக்காரர்கள் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

திரும்பும் வண்டியில்

மாலையில் சென்டிரலில் கும்மிடிப்பூண்டி வண்டி ஏறினால், கூட்டத்தில் பிள்ளை மடியிலேயே தூங்கிவிடும். தூங்கட்டும். ஊர் வந்து இறங்கியதும் எழுப்ப வேண்டும்.

பனிக்காலமாக இருந்தால், ஆலை வெளிச்சத்தையும் மீறி கிழக்கே மூன்று நட்சத்திரங்கள் நேர்கோட்டில் நிற்கும். காலையில் கொட்டகையில் பார்த்த அதே மூன்று. பக்கத்தில் செக்கச்செவேல் என்று இருப்பது திருவாதிரை. இந்த நாலும் திருடனிடம் சிக்காதவை.

"நைனா, இதுதானே அங்க பார்த்தோம்?"

இந்த முறை அவரிடம் பதில் இருக்கும்.