ஆற்றங்கரையும் வெள்ளிரதமும்

தைப்பூசத்திற்கு முதல் நாளான புனர்பூசத்தன்று, சிங்கப்பூர் டேங்க் ரோடு தெண்டாயுதபாணி வெள்ளிரதத்தில் மார்க்கெட் ஸ்திரீட் பகுதிக்கு எழுந்தருள்வது நகரத்தார் மரபு. 1859இல் அக்கோயிலை எழுப்பிய செட்டியார்கள், கிட்டங்கிகளில் தங்கி வட்டித் தொழில் நடத்திய வீதி அது. நகரச் சீரமைப்பில் கிட்டங்கிகள் இடிக்கப்பட்டன. வானளாவிய மாடிகள் எழுந்தன.

அருகிலுள்ள போட் கீ ஆற்றங்கரைக்கு வேறு விதி வாய்த்தது. மாசடைந்திருந்த ஆற்றைத் தூய்மையாக்கும் பணி 1977இல் தொடங்கிற்று. 1983இல் சரக்குப் படகுகள் பாசிர் பாஞ்சாங்கிற்கு அகற்றப்பட்டன. 1989இல் கரையோரக் கடைவீடுகள் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டன. கூரை ஓடுகளும் முகப்புகளும் பிழைத்தன. படகோட்டிகளும் மூட்டை சுமந்தோரும் மறைய, உணவகங்கள் குடியேறின.

ஓரிடத்தில் கட்டடம் போயிற்று, வழக்கம் நின்றது. மற்றோரிடத்தில் கட்டடம் நின்றது, தொழில் போயிற்று. ஆறு தூய்மையுற்றது பெரும்பேறே. பயனின்றிப் பூட்டிக்கிடக்கும் பழங்கட்டடத்தைப் பேணுவாரும் இலர். ஆயினும், கரையைப் புதுப்பிப்போர் சுவரைக் காப்பதோடு அமைதல் போதாது. அங்கு உழைத்தோரின் வாழ்வுக்கும் நினைவுக்கும் இடம் வகுத்தல் வேண்டும். கிட்டங்கி இல்லாத வீதிக்கும் முருகன் எழுந்தருள்வது, அங்கு வாழ்ந்தோரை மறவாத அடியார்கள் இருப்பதனால் அன்றோ?