மீன்களின் நிறமாற்றமும் அதன் காரணமும்

குளத்திலிருந்து பிடித்த கெண்டைக் குஞ்சுகளை வெண்ணிறப் பாத்திரத்தில் விட்டால், சிறிது நேரத்தில் அவை வெளிறிப் போகும். இதை நோயென்று எண்ணி நீரில் மருந்து கலப்போர் உண்டு. பெரும்பாலும் அது வீண் செலவேயாம்.

மீனின் தோலில் நிறத்தைத் தாங்கும் நுண்ணிய உயிரணுக்கள் உள்ளன. கருநிற உயிரணு ஒவ்வொன்றிலும் எண்ணிறந்த கரிய துகள்கள் அடங்கியுள்ளன. களத்தில் பரப்பிய கேழ்வரகு தரையை மறைக்கும்; அதையே நடுவில் குவித்தால் தரை வெளிப்படும். அவ்வாறே துகள்கள் பரவுங்கால் மீன் கறுக்கும், திரளுங்கால் வெளிறும்.

துகள்களை இயக்குவன இரண்டு. ஒன்று நரம்பு, இதன் செயல் மிக விரைவானது. மற்றொன்று மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பி இரத்தத்திற் கலக்கும் நீர். இதன் செயல் சற்றுத் தாமதமானது. கார்ல் வான் பிரிஷ் என்னும் அறிஞர் ஐரோப்பியச் சிறு மீன்களை ஆராய்ந்து, உரிய நரம்பைத் துண்டித்தால் அந்நரம்பு சென்று சேரும் பகுதி கறுத்துவிடுகிறதென 1911ஆம் ஆண்டிலேயே விளக்கினார்.

இவ்வியக்கத்திற்கு வழிகாட்டுவது கண்ணாகும். மேலிருந்து வரும் ஒளியையும், அடித்தரையினின்று திரும்பும் ஒளியையும் கண் ஒப்பிட்டு உணர்கிறது. ஆதலின் பார்வையிழந்த மீன் தரைக்கேற்ப நிறம் மாறாது. பெரும்பாலும் கறுத்தே நிற்கும்.

இந்நிறமாற்றம் உயிர் காக்கும் உபாயமாம். கலிபோர்னியாவில் ஸம்னர் என்பார் கொசுப்புழுத் தின்னும் கம்பூசியா மீன்களைக் கறுப்பு, வெளுப்புத் தொட்டிகளிற் பல வாரம் பழக்கி, பின் பறவைகளுக்கு இரையாக விட்டார். தொட்டியின் நிறத்திற்குப் பொருந்தாத மீன்களே அதிகமாக இரையாயினவென்பதை 1934இல் வெளியிட்டார்.

இதிலிருந்து மீன் வளர்ப்போர் அறியத்தக்கவை:

1. ஐயமுற்றால், சில மீன்களைக் கரிய பாத்திரத்திலும் சிலவற்றை வெள்ளைப் பாத்திரத்திலும் விட்டுப் பார்க்க. பாத்திரத்திற்கேற்ப நிறம் மாறினால், அந்நிறம் பற்றி அஞ்ச வேண்டுவதில்லை.

2. மற்றவை வெளிறியிருக்க, ஒரு சில மட்டும் கறுத்துத் தனித்துத் திரிந்தால் அவற்றின் கண்களைச் சோதிக்க. கண்ணில் வெண்படலம் காணின், ஒட்டுண்ணிப் புழு காரணமாயிருக்கலாம். மீன்வள அலுவலருக்கு உடனே தெரிவித்தல் நன்று.

3. வெண்தரைத் தொட்டியில் வளர்ந்த குஞ்சுகளைக் கருந்தரைக் குளத்திற் கொணர்ந்தவுடன் திறந்து விடாது, குளத்து நீரிலேயே சிறுகண் வலையடைப்பில் சில மணி நேரம் வைத்துப் பின் விடுக. பறவைகளின் கண்ணுக்கு அவை எளிதிற் புலப்படா.

4. விடியற்காலையில் மீன்கள் நீர்மட்டத்தில் வாய்பிளந்து நின்றால், நிறத்தைப் பார்த்துக் காலம் போக்கலாகாது. அது நீரில் பிராணவாயு குறைந்ததன் அறிகுறி. புதுநீர் பாய்ச்சுதலே உடனே செய்யத்தக்கது.