வாடிகனில் எதற்குக் காசு?

ரோம் போகிறவர்கள் கவனத்துக்கு. வாடிகனின் புனித பேதுரு பேராலயத்துக்குள் போகக் கட்டணமே கிடையாது. நுழைந்ததும் வலப்பக்கம் இருக்கும் மைக்கேலாஞ்சலோவின் 'பியேட்டா' சிற்பத்தைப் பார்ப்பதும் இலவசம்தான். பாதுகாப்புச் சோதனை வரிசையில் கால்கடுக்க நிற்கவேண்டும், அவ்வளவுதான்.

குவிமாடம் ஏறத்தான் டிக்கெட். மொத்தம் 551 படிகள். லிஃப்டுக்குக் கூடுதலாகக் கொடுத்தாலும் அது மொட்டைமாடியோடு நின்றுவிடும். மிச்சம் 320 படிகளை நடந்தே ஏறவேண்டும். மூட்டுவலிக்காரர்கள் அந்தக் காசை மிச்சம் பிடிக்கலாம்.

சிஸ்டைன் சிற்றாலயம் பேராலயத்தில் சேராது. அதற்கு அருங்காட்சியக டிக்கெட் எடுக்கவேண்டும். பொதுவாக மாதத்தின் கடைசி ஞாயிறு அங்கே இலவசம். ஆனால் பகல் 12.30-க்குப் பிறகு உள்ளே விடமாட்டார்கள். கூட்டமோ சொல்லி மாளாது. தோளும் முழங்காலும் மூடிய உடையில் போங்கள்.