ஊசி குறி தப்பலாமா?

1985-ம் வருஷம், ஏப்ரல் மாதம். அமெரிக்காவில், கலிபோர்னியா மாகாணத்து லாங் பீச் நகரில் ஓர் ஆஸ்பத்திரி. ஆபரேஷன் மேஜைமீது ஒரு நோயாளி படுத்திருக்கிறார். அவருடைய மூளைக்குள்ளே சந்தேகத்துக்கு இடமான ஒரு கட்டி!

அது புற்றுநோய்தானா, அல்லவா? ஒரு துணுக்கு எடுத்துச் சோதித்தால்தான் தெரியும். மண்டை ஓட்டில் சிறு துவாரம் போட்டு, உள்ளே ஊசியைச் செலுத்த வேண்டும்.

எந்தத் திசையில் செலுத்துவது? அதைக் காட்டியது ஒரு யந்திரக் கை!

"பூமா" என்பது அதன் பெயர். தொழிற்சாலை வேலைக்காக யூனிமேஷன் கம்பெனி செய்தது. யிக் சான் குவோ என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய சகாக்களும் அதை ஆபரேஷன் அறைக்குள் கொண்டுவந்தார்கள்.

கரணம் தப்பினால்...

மூளையில் பேச்சுக்கு ஓரிடம், பார்வைக்கு ஓரிடம், கை கால் அசைவுக்கு ஓரிடம். ஊசி சில மில்லிமீட்டர் விலகினால் போதும், ரத்தக் குழாய் கிழிந்துவிடலாம். அல்லது கட்டியை விட்டுவிட்டு, பக்கத்திலுள்ள நல்ல பாகம் ஊசியில் வந்துவிடலாம். "நோய் இல்லை" என்று ரிப்போர்ட் வரும். நோயாளி நிம்மதியாக வீடு திரும்புவார். கட்டியோ உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும்!

இந்த ஆபத்தைத் தவிர்க்க, தலையில் உலோகச் சட்டம் பூட்டி, அளவு பார்த்து ஊசி செலுத்தும் முறை 1947-லேயே வந்துவிட்டது. பிலடெல்பியாவில் ஸ்பீகல், வைசிஸ் என்ற இருவர் அதை மனிதருக்குக் கையாண்டார்கள். 1971-ல் இங்கிலாந்தில் ஹவுன்ஸ்பீல்டின் ஸ்கேன் யந்திரம், ஒரு நோயாளியின் மூளையைக் குறுக்கு வெட்டாகப் படம் பிடித்தது. இலக்கு கண்ணுக்குத் தெரிந்தது. அந்தப் படத்தையும் யந்திரக் கையையும் கம்ப்யூட்டரால் இணைத்ததுதான் குவோ குழுவினரின் சாதனை.

யந்திரமும் தடுமாறும்

தொழிற்சாலையில் ஓரிடத்தை ஒருமுறை காட்டிக் கொடுத்துவிட்டால், யந்திரக் கை ஆயிரம் தடவையானாலும் அதே இடத்துக்கு வரும். ஆனால், அது முன்பின் போகாத ஓரிடத்தைக் கணக்கில் சொல்லி, "அங்கே போ" என்றால்? மூட்டுகளின் கோணத்திலும் நீளத்திலும் உள்ள சின்னஞ்சிறு பிசகுகளெல்லாம் சேர்ந்து குறி விலகும். அந்தப் பிசகுகளை அளந்து திருத்திய பிறகே அதை நம்ப முடிந்தது.

அப்போதும் முழுப் பொறுப்பையும் யந்திரத்திடம் விடவில்லை. கை சரியான திசையில் நின்றதும் அதைப் பூட்டி, மின்சாரத்தை நிறுத்தினார்கள். அது பிடித்திருந்த வழிகாட்டிக் குழாய் வழியே ஊசியைச் செலுத்தியது டாக்டரின் கைதான்.

உடம்பு சும்மா இருக்குமா?

மூளைக்கு மண்டை ஓடு காவல். ஈரலுக்கு அப்படி இல்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் அது சென்டிமீட்டர் கணக்கில் ஏறி இறங்குகிறது. ஊசியும் லேசுப்பட்டதல்ல. அதன் நுனி சாய்வாகச் சீவப்பட்டிருந்தால், சதைக்குள் போகப் போக ஒரு பக்கமாக வளையும். எம்.ஆர்.ஐ. அறையிலோ பெரிய காந்தம். அங்கே சாதாரண மோட்டாருக்கு இடமில்லை. ஆகவே, அழுத்திய காற்றால் இயங்கும் யந்திரங்களை அங்கே வைத்துப் பார்க்கிறார்கள்.

ஆக, வெறும் மேஜைமீது யந்திரம் காட்டும் துல்லியம் வேறு. மூச்சுவிடும் உடம்புக்குள்ளே ஊசி நுனி போய் நிற்கும் துல்லியம் வேறு. அதனால்தான் நோயாளியை மூச்சடக்கச் சொல்லிப் படம் எடுக்கிறார்கள். ஊசி உள்ளே போனபின் மறுபடியும் படம் எடுக்கிறார்கள்.

யந்திரக் கை நடுங்காது, களைக்காது. ஆனால், "இதோ, இந்த இடம்" என்று குறித்துக் கொடுப்பதும், "சரியாகப் போயிருக்கிறதா?" என்று கடைசியாகப் பார்ப்பதும் இன்றைக்கும் டாக்டரின் கண்கள்தான். மேஜைமீது படுத்திருப்பவருக்கு அதுதான் பெரிய ஆறுதல்!